பந்தக்காலுக்கு வளர்த்த மஞ்சள் மூங்கில்

அக்கா,

என் உள்ளங்கை நேற்றிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினேன், உப்பை வைத்துத் தேய்த்தேன், ஒன்றுக்கும் அடங்கவில்லை. மூங்கில் உறையின் சுணை, அந்த மெல்லிய முடி, கையில் ஏறினால் லேசில் விடாது என்று நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய். எனக்குத்தான் மறந்துவிட்டது. இல்லை, பொய் சொல்கிறேன், மறக்கவில்லை. அந்தச் செடியைத் தொட்டு ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. கைக்கு மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் அஞ்சலை ஊருக்குப் போய்விட்டு வந்தாள். நான் பெற்று நீ வளர்த்த அஞ்சலைதான். இப்போது அவளே பேத்தி எடுத்துவிட்டாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு திண்டிவனத்தில் ஒரு வீட்டைக் கட்டி, ஊரில் தனியாகக் கிடந்த என்னையும் அழைத்துவந்து வைத்துக்கொண்டிருக்கிறாள். நீ பிறந்த திண்டிவனம். உன் ஊரில் நான் சோறு தின்று தூங்கி எழுகிறேன், நீ இல்லை. வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல், ஈரச் சாக்கில் சுற்றிய ஒன்றை என் காலடியில் வைத்தாள். பிரித்தால் மஞ்சள் மூங்கில். என் கை நீளத்துக்கு ஒரு துண்டு, மூன்று கணு. மஞ்சள் உடம்பில் பச்சை மையால் கோடு இழுத்த மாதிரி அதே சாதி. ஒரு கணுவில் மட்டும் காய்ந்த உறை ஒட்டிக்கொண்டிருந்தது. போயும் போயும் அந்த இடத்தைப் பிடித்துத் தூக்கினேன், சுணை ஏறிவிட்டது.

"எம்மா, இத எப்படி நடணும்னு சொல்லு. காம்பவுண்டு ஓரமா வச்சா அழகா இருக்கும்" என்றாள். எங்கே வாங்கினாய், வானூர்ப் பக்கம் நர்சரியிலா என்று கேட்டேன். முதலில் நடலாம், அப்புறம் சொல்கிறேன் என்றாள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத குணம் என்னிடமிருந்து வந்ததில்லை, அக்கா. யார் மடியில் வளர்ந்தாளோ அவள் குணம்.

சொன்னேன். படுக்க வைத்து நட வேண்டும் என்றேன். அவளுக்கு ஆச்சரியம், செடி என்றால் நிற்க வைத்துத்தானே நடுவார்கள் என்றாள். நீ என்னிடம் சொன்னதை அப்படியே எடுத்துவிட்டேன்: "மூங்கில நிக்க வச்சு நட்டா நின்னுக்கினே காஞ்சுபூடும். படுக்க வச்சாதான் எழுந்துக்கும்."

ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி பள்ளம் எடுத்தோம். எடுத்தது அவள், அதட்டியது நான். அடியில் மணலும் மக்கின எருவும் போடச் சொன்னேன். கணுவில் இருக்கிற முளைகள் இரண்டு பக்கமும் பார்க்கும்படி துண்டைக் கிடத்தி, கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே சின்னதாக ஒரு துளை போட்டு, உள்ளே தண்ணீர் ஊற்றி, துளையைக் களிமண்ணால் அடைத்து, மேலே நாலு விரல் மண் மூடச் சொன்னேன். வெளியே எவ்வளவு வெயில் காய்ந்தாலும் அதற்கு உள்ளுக்குள் குடிக்கத் தண்ணீர் இருக்கும். சுவரிலிருந்து நாலு முழமாவது தள்ளி வை என்றேன். இது நிலமெல்லாம் ஓடிப் பரவுகிற சாதி இல்லை. இருந்த இடத்திலேயே நெருங்கி நெருங்கிக் குடும்பம் பெருக்குகிற சாதி. ஆனாலும் குடும்பம் பெருத்தால் இடம் வேண்டாமா? சீக்கிரமே இலை விடும், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதே, வேர் பிறகுதான் வரும், அதுவரைக்கும் ஈரம் காயக் கூடாது என்றேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. வெட்டுகிற விஷயம். அது மட்டும் வாயில் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை.

நான் அந்த வீட்டுக்கு வாழ வந்தது ஐம்பதுகளின் நடுவில். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற ரோட்டில் இறங்கி, கரும்புக் கொல்லை வழியாக உள்ளே நடக்க வேண்டும். மூத்த மருமகள் நீ, இளைய மருமகள் நான். மாலையும் கழுத்துமாக வாசலில் நிற்கிறேன், ஆரத்தி எடுக்க நீதான் தட்டோடு வருகிறாய், உன் பின்னால் வீட்டை விட உயரமாக மஞ்சள் மூங்கில் புதர். என் அம்மா என் இடுப்பைக் கிள்ளி, "இன்னாடி இது, வாசல்லயே மூங்கில வச்சிருக்காங்க" என்று காதில் சொன்னாள். நம் பக்கத்தில் பச்சை மூங்கில் என்றால் முதலில் ஞாபகம் வருவது பாடைதானே.

அத்தை, அதாவது நம் மாமியார், அதைச் சொல்லாத நாளில்லை. வாசலில் மூங்கில் நின்றால் பாடைக்கு ஆள் தேடும் என்பார். நீ விடுவாயா. "ஏன் அத்த, கல்யாணத்துல குடும்பம் மூங்கிலாட்டம் பெருகணும்னுதான வாழ்த்தறாங்க? பாடையாட்டம் பெருகணும்னா சொல்றாங்க?" என்று கேட்டுவிட்டு முறத்தோடு உள்ளே போய்விடுவாய். நான் அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். அப்போதெல்லாம் நான் உன் கட்சி.

அந்த மூங்கில் வந்த கதையை நாம் மல்லாட்டைக் கடலை உரிக்கும்போதெல்லாம் சொல்வாய். திண்டிவனத்தில் ஒரு ரைஸ்மில்காரர் வீட்டு மதிலுக்குள் அது நின்றிருக்கிறது. தண்ணீருக்குப் போகும்போதும் வரும்போதும் அங்கே இருந்த காவல்காரரிடம் ஒரு துண்டு குடுங்க, ஒரு துண்டு குடுங்க என்று நீ கேட்டுக் கேட்டு, கடைசியில் அந்த மனுஷன் "போடி, பேஜாரு பண்ணாத, குச்சியெல்லாம் மொளைக்காது" என்று ஒரு துண்டை மதிலுக்கு வெளியே வீசியிருக்கிறார். அதை முளைக்க வைத்துக் காட்டிய கர்வம் உனக்குக் கடைசி வரைக்கும் இருந்தது. கல்யாணமாகி வரும்போது அந்தப் புதரிலிருந்தே ஒரு துண்டு வெட்டி, சீர்ப் பாத்திரத்தோடு பாத்திரமாக ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தாய். பஸ்ஸில் கேட்டவர்களுக்கெல்லாம் உன் வீட்டுக்காரர் கரும்பு என்று சொன்னாராம். வெட்கம், பாவம்.

என் முதல் போகி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பழசையெல்லாம் கூட்டிக் கொளுத்துகிற நாள். புது மருமகள் சுறுசுறுப்பைக் காட்ட வேண்டாமா? விடிவதற்கு முன் எழுந்து, உன் புதரின் அடியில் முழங்கால் உயரத்துக்குக் கிடந்த சருகையெல்லாம் விளக்குமாற்றால் சுரண்டிச் சுத்தம் செய்து, பாம்பு அடையும் என்று வேறு சொல்லி, அங்கேயே குவித்துத் தீ வைத்தேன். நீ மேளச் சத்தம் கேட்டு எழுந்து வந்தபோது புதரின் ஒரு பக்கம் கருகி நின்றது. மூங்கிலுக்கு அதன் சருகுதான் சோறு, அதுதான் போர்வை; அதைக் கொளுத்துவது பிள்ளையின் தொட்டிலைக் கொளுத்துகிற மாதிரி என்பதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? நீ என்னைத் திட்டவில்லை. அத்தை காதில் விழாதபடி, "அடியே, ஊருக்கெல்லாம் போகி, இதுக்கு மட்டும் கெடையாது" என்றாய். அப்புறம் கொல்லைக்குப் போய்க் காய்ந்த கரும்புச் சோகையைக் கட்டுக்கட்டாகத் தலையில் சுமந்து வந்து அதன் காலடியில் பரப்பினாய். அந்த ஆடியில் கருகின பக்கமும் குருத்து விட்டது. நீ என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாய். மண்ணைப் பிளந்துகொண்டு எருமைக் கொம்பு மாதிரி வந்திருந்தது.

உனக்குக் குழந்தை இல்லை. ஊர் அதையும் மூங்கில் தலையில் போட்டது. எனக்கு நாள் தள்ளியதும், அத்தை புதரை வெட்டியெறிய ஆள் சொல்லிவிட்டார். நீ அவர் காலைப் பிடித்துக்கொண்டு, இவளுக்கு நல்லபடியாகப் பிறக்கட்டும், பிறக்காவிட்டால் நானே வேரோடு தோண்டிப் போடுகிறேன் என்று கெஞ்சினாய். என் வயிற்றின் மேல் பந்தயம் கட்டுகிறாளே என்று எனக்கு உள்ளே எரிந்தது. ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டது யார்? மசக்கையில் வாயில் எதுவும் தங்காதபோது கேப்பைக் கூழைக் கரைத்து நாழிகைக்கு ஒரு வாயாகக் கொடுத்தது யார்? அஞ்சலை நல்லபடியாகப் பிறந்தாள். பதினாறாம் நாள் கழிந்ததும் நீ குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராகப் புதரின் முன்னால் போய் நின்றாய். "பாத்துக்கடி, ஒன் கல்யாணத்துக்குப் பந்தக்காலு இங்கதான் வளருது. இது சாவுக்கு இல்ல, ஒனக்கு" என்றாய். நான் கதவோரம் நின்று கேட்டேன். பெற்றவள் நான், பந்தக்கால் நடுகிறவள் நீயா என்று நினைத்தேன். அக்கா, அந்த நினைப்பு அன்றைக்கு வந்ததுதான். அப்புறம் போகவில்லை.

குழந்தை என்னை அம்மா என்பதற்கு முன்னால் உன்னைப் பெரியம்மா என்றது. உன் கையால் ஊட்டினால் தின்றது, நான் ஊட்டினால் துப்பியது. தை, மாசியில் நீ புதரைக் கழிக்கப் போகும்போது அதுவும் உன் பின்னாலேயே தவழ்ந்து உள்ளே போகும். புதரின் பின்பக்கம் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வழி விட்டு வைத்திருந்தாய். அதன் வழியே உள்ளே குனிந்து போய், நடுவில் நிற்கிற முற்றின மூங்கிலைக் கணுவுக்கு மேலே அறுத்து, இழுத்து வெளியே கொண்டுவருவாய். அவரைப் பந்தலுக்கும் புடலைப் பந்தலுக்கும் ஆகும். வெளியே கைக்கு எட்டுகிற மாதிரி நிற்பதை விட்டுவிட்டு ஏன் இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன். "புதுசு வெளிய நிக்கும், பழசு உள்ள நிக்கும். கைக்கு எட்டுதேன்னு வெளிய நிக்கறத வெட்டினா புதருக்கு வாரிசு போச்சு" என்றாய். ஆடியிலிருந்து கார்த்திகை வரை குருத்து விடுகிற காலம், அப்போது கத்தியே வைக்கக் கூடாது என்பாய். அஞ்சலை உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்று, நீ சொல்வதைப் பின்பாட்டுப் பாடுவாள்.

எதிர்வீட்டுக் கோதண்டத்தின் அம்மா இறந்தது ஓர் ஆடி மாதம். சாவு விழுந்த வீட்டுக்குப் பச்சை மூங்கில் இல்லை என்று நம் பக்கத்தில் யாரும் சொன்னதில்லை. விலை பேசுவதில்லை, கேட்பதுகூட இல்லை. ஆட்கள் கத்தியோடு வந்து நிற்பார்கள், வீட்டுக்காரன் தலையை ஆட்டுவான், வெட்டிக்கொண்டு போவார்கள். அப்படித்தான் கோதண்டமும் ரெண்டு பேரோடு வந்தார். நீ புதருக்கு முன்னால் போய் நின்றாய். "அண்ணா, ஒங்கம்மா எனக்கும் அம்மாதான். ஆனா இதுல கத்தி வைக்காதீங்க. புள்ள கல்யாணத்துக்குன்னு வச்சது. ஒங்களுக்கு மூங்கிலு நான் கொண்டாந்து தர்றேன்" என்றாய். தெருவே வாயைப் பிளந்தது. உன் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். நீ கத்தியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாய். அங்கே இருப்பது முள் மூங்கில். கையெல்லாம் கிழிந்து ரத்தம் வழிய, இரண்டு நெடிய மூங்கிலைத் தலையில் சுமந்து வந்து கோதண்டம் வீட்டு முன்னால் போட்டாய். பாடைக்கு மூங்கிலை ஒரு பொம்பளை சுமந்து வந்து யாரும் பார்த்ததில்லை. கோதண்டம் வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் தெருவில் உனக்குப் பெயர், பாடைக்கு மூங்கில் இல்லை என்றவள். ஒருநாள் கிணற்றடியில் பெண்கள் என்னை மடக்கினார்கள், உன் ஓரகத்திக்கு அப்படி என்ன அந்தச் செடி மேல் என்று. எனக்கும் அன்றைக்கு உன் மேல் எதற்கோ ஆத்திரம். "அதுக்குப் புள்ளையா குட்டியா? செடியப் புடிச்சிக்கினு தொங்குது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பினால் நீ குடத்தோடு நிற்கிறாய். நான் தண்ணீர் இறைக்கிற முறை முடிந்ததா என்று மட்டும் கேட்டாய். சாயங்காலம் எனக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு வைத்தாய். நீ அன்றைக்கு என் தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போட்டு ரெண்டு அறை விட்டிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அறுபதுகளின் நடுவில், அந்த அடைமழை ஐப்பசியில், உனக்கு விஷக்காய்ச்சல் வந்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டலாம் என்றால் வழியெல்லாம் வெள்ளம். பொழுது விடியும்போது நீ போய்விட்டாய். அஞ்சலைக்கு அப்போது எட்டு வயது. உன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அழக்கூட இல்லை.

கோதண்டம்தான் முதலில் வந்தார். நீ தெருவில் சம்பாதித்த பெயருக்கு யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எல்லோரும் வந்தார்கள். முன்பகலில் மழை கொஞ்சம் விட்டது. கோதண்டம் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு உன் வீட்டுக்காரரிடம் போய் நின்றார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு சொல்லட்டும்" என்றார். முறைப்படி என்னோடு பேச மாட்டாரே, அவர் என்னைப் பற்றி வாய்திறந்து சொன்னது அது ஒன்றுதான்.

கோதண்டம் என்னிடம் வந்தார். "தங்கச்சி, ஏரி வழிஞ்சிக்கினு ஓடுது, அந்தப் பக்கம் போவ முடியாது. இந்த மூங்கில அந்தம்மா குடுக்க மாட்டேன்னுட்டுது. நாங்களா கை வைக்க மாட்டோம். நீ சொன்னா வெட்டறோம். இல்லேன்னா கயித்துக் கட்டில்லயே தூக்கிக்கினு போறோம். ஒண்ணும் தப்பில்ல" என்றார்.

இதை நான் உனக்குத் திரும்பச் சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. கட்டிலில் தூக்குகிறோம் என்று அந்த மனுஷனே சொன்னார். உன்னால் அவமானப்பட்டவர், உன் வாக்கைக் காப்பாற்ற எனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார். நான் யோசித்தது என்ன தெரியுமா? பூவும் பொட்டுமாகப் போகிறவளைக் கட்டிலில் தூக்கிப் போனார்கள் என்று தெரு சொல்லுமே, வாசலில் மூங்கிலை வைத்துக்கொண்டு பாடை கட்டவில்லை என்று சிரிக்குமே என்று யோசித்தேன். "வெட்டுங்க" என்றேன்.

அஞ்சலை அதற்குத்தான் எழுந்தாள். ஓடிப்போய்ப் புதரின் வெளிப்பக்கம் நின்ற இளமூங்கில்களைக் கட்டிக்கொண்டாள். நான்தான் போய்ப் பிரித்து இழுத்து வந்தேன். அவர்களும் பாவம், மழைக்குள் ஜல்தியாக முடிக்க வேண்டும் என்று கைக்கு எட்டியதை வெட்டினார்கள். வெளியே நின்றதை. புதுசை. குருத்தையெல்லாம் மிதித்துக்கொண்டு நின்று வெட்டினார்கள். பின்பக்கம் வழி இருக்கிறது, உள்ளே பழசு இருக்கிறது, அதை வெட்டுங்கள் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். நாக்கு நுனி வரை வந்தது. வந்தது திரும்பிப் போய்விட்டது. துக்கத்தில் வாயடைத்துப் போனாள் என்று யாராவது சொல்வார்கள். துக்கம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அக்கா. இது போனால் பந்தக்கால் பேச்சும் போகும், இனி இவள் என் மகள் என்று ஓர் எண்ணம். கண்மூடித் திறக்கிற நேரம்தான். அந்த நேரத்தில் கத்தி இறங்கிவிட்டது.

அன்றைக்கு அஞ்சலையின் கையெல்லாம் சுணை. அரிக்கிறது என்று அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். நான் எண்ணெய் தடவப் போனேன். பெரியம்மா தடவினால்தான் போகும் என்று கையை இழுத்துக்கொண்டாள்.

புதர் அந்தக் கோடையைத் தாண்டவில்லை. உள்ளே நின்ற பழசெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்துக் காய்ந்தது. அடுத்த போகிக்கு அத்தை அடிக்கட்டையைத் தோண்டியெடுத்துக் கொளுத்தினார். யாரும் தடுக்கவில்லை.

ஆனால் கேள். உன்னை அடக்கம் செய்தவர்கள் வழக்கம் போலப் பாடையைப் பிரித்து மூங்கிலைச் சுடுகாட்டு ஓடைக்கரைச் சேற்றில் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். மழைக்காலம் பூராவும் அது அங்கேயே படுத்துக் கிடந்திருக்கிறது. மறு வருஷம் ஆவணியில் கோதண்டம் வாசலில் வந்து நின்று, சொல்வதா வேண்டாமா என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அப்புறம், "தங்கச்சி, ஒன் ஓரகத்தி துளுத்துக்கினு நிக்கறா" என்றார்.

இப்போது அது பெரிய புதர். ஊரில் எந்தச் சாவுக்கும் அங்கேதான் பச்சை மூங்கில். ஏரிக்கரைக்கு யாரும் போவதில்லை. இல்லை என்று சொன்ன ஒருத்தி, இன்றைக்கு எல்லோருக்கும் கொடுக்கிறாள் என்று தெருவில் உன்னை மெச்சிக்கொள்கிறார்கள். பாடைக்கு மூங்கில் இல்லை என்றவள் என்ற பேச்சு அடியோடு போயிற்று. எல்லோருக்கும் அது நல்ல கதை. எனக்கு இல்லை. சாவுக்கு இல்லை, என் பிள்ளை கல்யாணத்துக்கு என்று நீ வளர்த்ததைச் சாவுக்கே என்று ஆக்கிவிட்டவள் நான்.

அஞ்சலை கல்யாணத்துக்குப் பந்தக்கால் விழுப்புரத்துக் கடையில் வாங்கிய காய்ந்த மூங்கில். அதற்கு முந்தின நாள் நான் சுடுகாட்டுப் பாதை பிரிகிற இடம் வரை போனேன். பொம்பளை அங்கே போகக் கூடாது, அங்கே இருப்பது கல்யாண வீட்டுக்குள் வரக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். தூரத்தில் உன் மஞ்சள் தெரிந்தது. பந்தக்காலுக்கு மஞ்சள் துணி கட்டும்போது அஞ்சலை என் முகத்தைப் பார்த்தாள். நான் மாவிலையைச் சரி செய்தேன்.

நேற்று நட்டு முடித்துக் கைகழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நர்சரியில வாங்கல எம்மா. சுடுகாட்டுக்குப் போனேன். பெரியம்மாவக் கேட்டுட்டுத்தான் வெட்டினேன்" என்றாள். சுடுகாட்டுப் பொருளை வீட்டுக்குள் கொண்டுவந்தாயா என்றோ, நீ ஏன் அங்கே போனாய் என்றோ நான் கேட்கவில்லை. கேட்டது வேறு. எங்கே நின்றதை வெட்டினாய், வெளியே நின்றதையா என்று கேட்டேன். ஐம்பது வருஷமாகத் தொண்டையில் கிடந்தது அது. வெளியே நிற்பதை வெட்டக் கூடாது, உள்ளே பழசு இருக்கும் என்று சொல்லத் தொடங்கினேன்.

"உள்ள பூந்துதான் வெட்டினேன்" என்றாள். முழங்கையில் இருந்த சிராய்ப்பைக் காட்டினாள். "வெளிய நிக்கறத வெட்டினா புதருக்கு வாரிசு போச்சுன்னு பெரியம்மா சொல்லும். நீயும் பக்கத்துல நின்னு கேட்டுக்கினுதான இருந்த?"

குரலில் கோபம் இல்லை. எட்டு வயதிலிருந்தே தெரிந்து வைத்திருக்கிறாள். ஐம்பது வருஷம் என்னோடு பேசி, சிரித்து, சோறு போட்டு, ஒரு நாளும் கேட்கவில்லை. உன்னை மாதிரியே.

ஆமாம் என்றேன்.

அவள் எழுந்து போய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து, என் உள்ளங்கையை விரித்து, தன் மடியில் வைத்துத் தடவிவிட்டாள். இன்னும் அரிக்கிறது, அக்கா. விடியற்காலையில் போய் மூங்கிலுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். அவள் பேத்திக்கு ஏழு வயது. அது கல்யாணத்துக்கு நிற்பதற்குள் புதர் முற்றிவிடும். கத்தி எடுக்கிற அன்றைக்கு நான் இருந்தால், வாய் திறந்து சொல்வேன்.